கோடையில் ஆண்களின் உடை: சட்டைக்கும் தோலுக்கும் இடையில் நடப்பது

கோடைக்குப் பருத்தியே நல்லது என்ற அறிவுரையைக் கேட்காத ஆண்கள் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. அது தவறான அறிவுரை அன்று. ஆனால் பாதி அறிவுரை. ஒரே நிறத்தில், ஏறக்குறைய ஒரே விலையில், இரண்டிலுமே நூறு சதவீதப் பருத்தி என்று எழுதப்பட்ட இரண்டு சட்டைகளில் ஒன்று மே மாத மதியத்தில் முதுகோடு ஒட்டிக்கொண்டு திணறச் செய்வதும், மற்றொன்று அதே வெயிலில் தாங்கக்கூடியதாக இருப்பதும் பலரும் உணர்ந்ததே. அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது என்பது புரிந்துவிட்டால், சென்னை போன்ற நகரத்தின் கோடைக்கு உரிய உடையைக் கடைக்காரரின் துணையின்றியே தேர்ந்தெடுத்துவிடலாம். நன்றாக உடுத்துவதற்கும் வெக்கையைத் தாங்குவதற்கும் இடையில் பெரிய முரண்பாடு இல்லை என்பதும் அப்போது தெரியவரும்.

முதலில் உடலைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் ஓர் ஆணின் உடல் ஏறத்தாழ 100 வாட் அளவுக்கு வெப்பத்தை ஓயாமல் உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது. வேகமாக நடக்கும்போது அது இரண்டு, மூன்று மடங்காக உயர்கிறது. உடலின் உட்புறம் 37 டிகிரி செல்சியஸை ஒட்டியே இருக்க வேண்டும் என்பதால் இந்த வெப்பம் முழுவதும் தோல் வழியாக வெளியேறியாக வேண்டும். வெயில் நேரத்தில் தோலின் வெப்பநிலை 34 அல்லது 35 டிகிரி அளவில் இருக்கும். சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ந்திருந்தால் வெப்பம் தானாகவே காற்றுக்குப் போய்விடும். மார்கழியில் சென்னையில் யாருக்கும் உடையைப் பற்றிக் கவலை வராததற்கு இதுவே காரணம். அக்னி நட்சத்திர நாட்களிலோ நகரத்தின் பகல் வெப்பநிலை 37, 38 டிகிரியைத் தொடுவது வழக்கமான செய்தி; 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. தோலைவிடக் காற்று சூடாகிவிட்ட அந்த நிலையில் வெப்பம் வெளியேறுவதற்குப் பதிலாக உள்ளே வரத் தொடங்குகிறது. உடலுக்கு மிஞ்சியிருக்கும் ஒரே வழி வியர்வை.

வியர்வை உடலைக் குளிரச் செய்வது அது ஈரமாக இருப்பதால் அன்று, ஆவியாவதால். மண்பானையின் வெளிப்புறத்தில் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தை எடுத்துச் செல்வதுபோல, தோலின் மேல் பரவிய வியர்வை ஆவியாகும்போது உடலின் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் தோலின்மேல் ஆவியானால் ஏறத்தாழ 580 கிலோகலோரி வெப்பம் உடலைவிட்டு நீங்கும். இது சிறிய அளவன்று. ஆனால் அதே ஒரு லிட்டர் நெற்றியிலிருந்து சொட்டிக் கீழே விழுந்தால் உடலுக்கு நீரும் உப்பும் இழப்பாவதைத் தவிர வேறு பயன் இல்லை. ஆகவே கோடை உடையைப் பற்றிய எல்லாக் கேள்விகளும் ஒரே கேள்வியில் வந்து முடிகின்றன: இந்தத் துணி என் வியர்வையை ஆவியாக விடுகிறதா, தடுக்கிறதா?

இந்தக் கேள்விக்கு ஊருக்கு ஊர் விடை மாறும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. 40 டிகிரி வெப்பமும் 25 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றின் ஒரு கன மீட்டரில் ஏறத்தாழ 13 கிராம் நீராவி இருக்கும். வேலூரின் கோடை மதியத்தை இப்படி எண்ணிக்கொள்ளலாம். 32 டிகிரி வெப்பமும் 75 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றிலோ ஏறத்தாழ 25 கிராம் நீராவி இருக்கும். கடற்காற்று உள்ளே வந்த பிறகு சென்னையின் மாலைநேரம் இப்படித்தான் இருக்கிறது. வெப்பமானியில் எட்டு டிகிரி குறைந்திருந்தும் சென்னையின் காற்று ஏற்கெனவே நீராவியால் நிறைந்திருப்பதால் நம் வியர்வையை அது எளிதில் வாங்கிக்கொள்வதில்லை. கடற்கரையோரம் நின்றும் உடல் பிசுபிசுப்பதன் காரணம் இதுவே. வறண்ட ஊர்களில் வியர்வை வெளிவந்த உடனேயே காய்ந்துவிடும். அங்கே உடையின் முதன்மையான வேலை வெயிலையும் அனல்காற்றையும் தோலில் படாமல் மறைப்பது. அதனால்தான் வடஇந்தியாவில் லூ என்னும் அனல்காற்று வீசும் நாட்களில் மக்கள் தலையையும் முகத்தையும் துணியால் சுற்றிக்கொண்டு வெளியே போகிறார்கள். ஈரப்பதம் மிகுந்த சென்னையிலும் தூத்துக்குடியிலும் உடையின் முதன்மையான வேலை காற்றை உள்ளே வரவிடுவது. ஓர் ஊரில் பயன்பட்ட உடை மற்றோர் ஊரில் ஏமாற்றுவது இதனால்தான்.

காற்றை உள்ளே விடுவதில் துணியின் வகையைவிட உடையின் அளவு முக்கியம் என்பது என் கருத்து. சட்டைக்கும் தோலுக்கும் இடையில் மெல்லிய காற்றடுக்கு ஒன்று எப்போதும் இருக்கிறது. வியர்வை முதலில் ஆவியாவது அந்த அடுக்கினுள்தான். அந்தக் காற்று அங்கேயே நின்றால் விரைவில் நீராவியால் நிறைந்து, அதற்குமேல் ஆவியாதல் நடைபெறாது. தளர்வான சட்டை அணிந்து நடக்கும்போது ஒவ்வோர் அடிக்கும் துணி அசைந்து உள்ளே இருக்கும் ஈரக்காற்றை வெளியே தள்ளி, புதிய காற்றை இழுத்துக்கொள்கிறது. கழுத்துப் பொத்தான் திறந்திருந்தால் உடலின் சூட்டால் லேசான காற்று மேல்நோக்கிச் சென்று கழுத்து வழியாக வெளியேறவும் செய்கிறது. உடலைக் கவ்விப் பிடிக்கும் சட்டையில் இந்த இயக்கம் எதுவும் நடக்காது. அது எவ்வளவு விலையுயர்ந்த பருத்தியாக இருந்தாலும் முதுகில் ஒட்டிய இடத்தில் ஈரத்துணியாகவே நிற்கும். கடந்த பல ஆண்டுகளாகக் கடைகளில் கோலோச்சிய ஸ்லிம் ஃபிட் சட்டைகள் குளிர்நாட்டு அலுவலகங்களுக்கும் ஏசி அறைகளுக்கும் ஏற்றவை; மவுண்ட் ரோடு பேருந்து நிறுத்தத்தில் நிற்பவருக்கு அவற்றால் பயன் இல்லை.

தளர்வு என்றால் தொளதொளப்பு என்று பொருள் கொள்ளக் கூடாது. தோள்பட்டைத் தையல் தோளின் விளிம்பில் சரியாக உட்கார வேண்டும். கழுத்துப்பட்டை அளவாக இருக்க வேண்டும். சட்டையின் நீளம் இடுப்புக்குக் கீழே அளவோடு நிற்க வேண்டும். இந்த மூன்றும் சரியாக இருந்தால், மார்பிலும் வயிற்றிலும் துணியைக் கையால் பிடித்தால் இருபுறமும் மூன்று நான்கு விரல் அளவு தளர்வாக இருந்தாலும் பார்ப்பவருக்கு அது திருத்தமான உடையாகவே தெரியும். பேன்டுக்கும் இதே கணக்குத்தான்: இடுப்பில் பிடிப்பு, தொடையில் தளர்வு. முன்புறம் மடிப்பு வைத்துத் தைத்த பேன்ட் பழைய பாணி என்று ஒதுக்கப்பட்டிருந்தது. உட்காரும்போது தொடைக்கு இடம் கொடுக்கும் அந்த மடிப்பைக் கோடைக்காகவாவது மீண்டும் தையற்காரரிடம் கேட்டுப் பெறலாம். நல்ல தையற்காரர் ஒருவர் அருகில் இருப்பவருக்குக் கோடை உடையில் பாதிக் கவலை இல்லை.

காற்றோட்டத்தில் வேட்டிக்கு நிகராக நகரத்து ஆடை எதையும் சொல்ல முடியாது. தையல் இல்லை, கால்களைப் பிரித்து இறுக்கும் குழாய்கள் இல்லை, நடக்கும்போது கீழிருந்து காற்று தடையின்றி மேலேறும். பொது இடங்களுக்கு வேட்டி கட்டி வருவோரைத் தடுக்கக் கூடாது என்று 2014-இல் தமிழ்நாடு அரசு சட்டமே இயற்றியிருக்கிறது. ஆயினும் அலுவலகங்களில் அது வெள்ளிக்கிழமை அல்லது பொங்கலுக்கு முந்தைய நாளின் உடையாகச் சுருங்கிவிட்டது. இருசக்கர வாகனத்தில் செல்பவருக்கு வேட்டி இடைஞ்சல் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வீட்டிலும் விடுமுறை நாளிலும் அதற்கு இணை இல்லை.

அடுத்தது நெசவு. நூலின் மென்மையை நெசவாளர்கள் எண்ணால் குறிப்பிடுவார்கள்: 40-ஆம் நம்பர், 60-ஆம் நம்பர், 80-ஆம் நம்பர் என்று எண் கூடக் கூட நூல் மெலிதாகும். மெலிந்த நூல் நல்லதுதான். ஆனால் மெலிந்த நூலை மிக நெருக்கமாக அடித்து நெய்தால் துணி வழவழப்பாக இருக்குமே தவிரக் காற்று புகாது. விலையுயர்ந்த சட்டைத் துணிகள் சில கோடையில் ஏமாற்றுவதற்கு இதுவே காரணம். பாவு எனப்படும் நீளவாட்டு நூல் ஒன்று, ஊடை எனப்படும் குறுக்குவாட்டு நூல் ஒன்று என மாறி மாறிச் செல்லும் எளிய நெசவில், நூல்களுக்கு இடையே சிறிது இடைவெளி விட்ட துணியே கோடைக்கு உகந்தது. கைத்தறியிலும் காதியிலும் அந்த இடைவெளி இயல்பாகவே அமைகிறது. சீர்சக்கர் என்னும் துணி இன்னொரு வழியைக் கையாளுகிறது: பாவு நூல்களில் சிலவற்றை இறுக்கமாகவும் சிலவற்றைத் தளர்வாகவும் வைத்து நெய்வதால் துணியில் சுருங்கிய பட்டைகள் உருவாகி, அவை துணியைத் தோலிலிருந்து தூக்கி நிறுத்துகின்றன. அதற்கு இஸ்திரியும் தேவையில்லை. நம் ஊரின் பெயரையே தாங்கி மேற்கு ஆப்பிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியான மெட்ராஸ் கட்டம் என்ற மெல்லிய பருத்தித் துணியும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோடைத்துணிதான். அமெரிக்காவில் அது கனவான்களின் கோடைச் சட்டையாகவும் கோட்டாகவும் மதிக்கப்பட, இங்கே கட்டம் போட்ட மெல்லிய பருத்தி என்றதும் கைலிதான் நினைவுக்கு வருகிறது. அந்தக் கூச்சத்தை விட்டால் நல்ல சட்டைகள் கிடைக்கும்.

துணியின் எடையையும் பார்க்க வேண்டும். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதை ஜிஎஸ்எம் என்று திருப்பூரில் சாதாரணமாகப் பேசிக்கொள்வார்கள். கோடைச் சட்டைக்கு 100 முதல் 130 வரை போதும். கோடைப் பேன்டுக்கு 200-ஐ ஒட்டி இருந்தால் நல்லது. கனமான ஜீன்ஸ் துணி 400-ஐத் தொடும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அதை அலமாரியில் வைத்துவிடுவது தொடைகளுக்குச் செய்யும் உதவியாகும். டி-சர்ட்டுகள் பின்னலாடை என்பதால் உடலோடு தொங்கி ஒட்டும் தன்மை கொண்டவை. வசதியாகத் தோன்றினாலும் வியர்த்த பிறகு நெய்த சட்டையைப்போல அவை தோலைவிட்டு விலகி நிற்பதில்லை.

இனி இழை. பொதுவான ஈரப்பத நிலையில் 100 கிராம் பருத்தி ஏறத்தாழ 8 கிராம் ஈரத்தைத் தனக்குள் வைத்திருக்கும்; ஆளி நாரிலிருந்து வரும் லினன் 12 கிராம் வரை வைத்திருக்கும்; பாலியஸ்டரோ அரை கிராம்கூட வைத்திருக்காது. வியர்வையை இழையே வாங்கிக்கொள்வதால்தான் பருத்தியும் லினனும் இதமாக இருக்கின்றன. பருத்திக்கு ஒரு குறையும் உண்டு: நிறைய நீரைக் குடித்துவிட்டு மெதுவாகக் காயும். அதனால் கனமான பருத்திச் சட்டை சென்னை மாலையில் ஈரமாகவே கிடக்கும். மெல்லிய பருத்தி என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் அதுதான். லினன் விறைப்பான இழை. உடலில் ஒட்டாமல் விலகி நிற்கும், பருத்தியைவிட விரைவாகவும் காயும். கசங்குவது அதன் இயல்பு. காலையில் இஸ்திரி போட்ட லினன் சட்டை பத்து மணிக்குள் மடிப்பு மடிப்பாகிவிடும்; அதை அலட்சியம் என்று யாரும் எண்ணுவதில்லை என்பதால் அந்தச் சுருக்கங்களை அப்படியே விட்டுவிடுவதே அழகு. சுருக்கத்தைப் பொறுக்க முடியாதவர்கள் பருத்தியும் லினனும் கலந்த துணியை நாடலாம்.

டெரிகாட்டன் என்று நம் தந்தையர் காலத்தில் கொடிகட்டிப் பறந்த பாலியஸ்டர் கலப்புத் துணி கசங்காது, நீண்ட நாள் உழைக்கும், விலையும் குறைவு. கோடைக்கு மட்டும் அது ஆகாது. வெள்ளை வேட்டி, சட்டைகளில்கூடக் கலப்பு இருப்பதுண்டு. எனவே உள்தையலில் உள்ள சிறிய சீட்டைப் படிக்காமல் வாங்கக் கூடாது. சீட்டில் நம்பிக்கை இல்லாவிட்டால், வீட்டில் பழைய துணியின் ஓரத்திலிருந்து ஒரு நூலை உருவி, எச்சரிக்கையோடு நெருப்பில் காட்டிப் பார்க்கலாம்: பருத்தி காகிதம்போல எரிந்து மென்மையான சாம்பலாகும், பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணியாகும். கடையில் அதைச் செய்ய முடியாது. அங்கே துணியை விளக்குக்கு நேரே பிடித்து நூல்களுக்கு இடையே ஒளி தெரிகிறதா என்று பார்ப்பதும், துணியை வாயருகே வைத்து ஊதினால் காற்று மறுபக்கம் கையில் படுகிறதா என்று பார்ப்பதும் போதுமானவை. விற்பனையாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தால் பார்த்துவிட்டுப் போகட்டும். விளையாட்டு உடைகளில் வரும் பாலியஸ்டர் இதிலிருந்து வேறுபட்டது. வியர்வையைப் பரப்பி விரைவில் காயவைக்கும்படி அது வடிவமைக்கப்படுகிறது. ஓடுவதற்கு நல்லது, ஆனால் வியர்வை நாற்றம் அதில் விரைவாகத் தங்கிவிடும் என்பதால் நாள் முழுவதும் அலுவலகத்தில் அணிய ஏற்றதன்று.

நிறத்தைப் பற்றிய நம்பிக்கைகளில் உண்மையும் மிகையும் கலந்திருக்கின்றன. வெயிலில் வெள்ளை குறைவாகவே சூடாகும், கறுப்பு அதிகம் சூடாகும் என்பது உண்மை. ஆனால் பாலைவனத்தில் வாழும் பெடுவின் மக்கள் கறுப்பு அங்கி அணிவதைப் பற்றி 1980-இல் நேச்சர் இதழில் வெளியான ஓர் ஆய்வு, கறுப்பு அங்கி அதிகமாக வாங்கிக்கொள்ளும் வெப்பம் தோலை அடையும் முன்பே இழக்கப்பட்டுவிடுகிறது என்றும், அங்கி அணிந்தவரின் உடலுக்குக் கிடைக்கும் வெப்பம் கறுப்பிலும் வெள்ளையிலும் ஒன்றே என்றும் கண்டது. அங்கி மிகத் தளர்வாக இருப்பதே அதன் இரகசியம். உடலை ஒட்டிய கறுப்புச் சட்டைக்கு இந்தச் சலுகை கிடையாது. வெயிலில் அதிகம் நடக்காமல், நிழலிலும் மின்ரயிலிலும் போகும் ஒருவர் தளர்வான கருநீலச் சட்டை அணிவதில் பெரிய இழப்பு எதுவும் இல்லை.

அலுவலகம் செல்பவருக்கு நிறத்தில் உண்மையான சிக்கல் வேறு: வியர்வைக் கறை. ஈரமான நூல் ஒளியைச் சிதறடிக்காமல் உள்வாங்குவதால் கருமையாகத் தெரிகிறது. சாம்பல் நிறத்திலும் இளநீலத்திலும் இந்த வேறுபாடு மிகத் துலக்கமாகத் தெரியும். சாம்பல் நிற டி-சர்ட்டில் அக்குளின் ஈரம் பத்தடி தூரத்திலிருந்தே தெரியும். வெள்ளையிலும் கருநீலத்திலும் அது அவ்வளவாகத் தெரிவதில்லை. சிறு கட்டம், சிறு பூவேலை, மெல்லிய கோடு போட்ட துணிகள் ஈரத்தை நன்றாகவே மறைத்துவிடும். கருநிறச் சட்டையில் காய்ந்த பிறகு வெண்மையாக உப்பு பூக்கும் என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

பனியன் அணிவதா வேண்டாமா என்பது ஆண்களுக்குள் தீராத வழக்கு. பனியன் இன்னோர் அடுக்கு. அடுக்கு கூடினால் காற்றோட்டம் குறையும். வெளியிலேயே நாள் முழுவதும் இருப்பவர், சட்டை ஒளி ஊடுருவாததாக இருந்தால் அதைத் தவிர்ப்பதே நல்லது. வெயிலில் பயணம் செய்து 24 டிகிரி ஏசி அறைக்குள் நுழைபவரின் நிலை வேறு. நனைந்த சட்டையோடு உள்ளே சென்றால் குளிர் முதுகில் ஏறும், கறையும் வெளியே தெரியும். இவர் மெல்லிய கையில்லாப் பனியன் அணிந்து சென்று, அலுவலகத்தை அடைந்ததும் வாசலில் சற்று நின்று உடலை ஆறவிட்டுப் பின் கழிவறையில் அந்தப் பனியனை மாற்றிக்கொண்டால் போதும். பையில் ஒரு மாற்றுப் பனியன் எடுத்துச் செல்வதில் வெட்கப்பட எதுவுமில்லை.

சட்டைக்குக் கஞ்சி போடும் பழக்கத்திலும் இரண்டு பக்கம் உண்டு. கஞ்சி போட்ட துணி விறைத்து நிற்பதால் தோலோடு ஒட்டாது. ஆனால் அந்தக் கஞ்சியே நூலிடைவெளிகளை அடைத்து, வியர்வை பட்டதும் இளகிப் பிசுபிசுக்கும். கழுத்துப்பட்டைக்கும் கைமுனைக்கும் மட்டும் லேசாகப் போடுவது நடுவழி. துணியை மென்மையாக்கும் திரவங்களைக் கோடையில் தவிர்ப்பது நல்லது. அவை இழைகளின் மேல் படலமாகப் படிந்து ஈரம் உறிஞ்சும் தன்மையைக் குறைக்கின்றன. புதிய சட்டையிலும் ஆலையில் இட்ட பசை இருக்கும் என்பதால் ஓரிரு முறை துவைத்த பிறகே அதன் உண்மையான குணம் தெரியும்.

முழுக்கையா அரைக்கையா என்ற கேள்விக்கு வாகனமே விடை சொல்லும். இருசக்கர வாகனத்தில் நண்பகலில் செல்பவரின் முன்கைகள் நேரடி வெயிலில் கிடக்கும். அவருக்கு மெல்லிய முழுக்கைச் சட்டையே குளிர்ச்சியானது, இறங்கியதும் கையை மடித்துக்கொள்ளலாம். நிழலில் வேலை செய்பவருக்கு அரைக்கை போதும். அதன் கைவாய் அகலமாக இருக்க வேண்டும்; புஜத்தை இறுக்கும் அரைக்கை அக்குளுக்குச் செல்லும் காற்றை அடைத்துவிடும்.

கோட்டும் டையும் கட்டாயமான இடங்களில் என்ன செய்வது? 2005-இல் ஜப்பானிய அரசு கூல் பிஸ் என்ற இயக்கத்தைத் தொடங்கி, கோடையில் அலுவலக ஏசியை 28 டிகிரியில் வைக்கவும், ஊழியர்கள் டையும் கோட்டும் இன்றி வரவும் ஊக்குவித்தது. பிரதமர் உள்ளிட்டோர் திறந்த கழுத்துச் சட்டையோடு தோன்றினர். இந்தியாவிலும் உச்ச நீதிமன்றம், உயர் நீதிமன்றங்கள் நீங்கலாகப் பிற நீதிமன்றங்களில் கோடையில் வழக்கறிஞர்கள் கறுப்புக் கோட்டு அணிவது கட்டாயமில்லை என்று பார் கவுன்சில் விதி இருக்கிறது. ஆனால் மே மாதத் திருமண வரவேற்பில், மேடை விளக்குகளின் கீழ் மூன்று மணி நேரம் கோட்டுடன் நிற்கும் மணமகனுக்கு எந்த விதியும் கைகொடுப்பதில்லை. அவர் அறிய வேண்டியது ஒன்று உண்டு: கோட்டில் புழுக்கத்தைக் கூட்டுவது பெரும்பாலும் மேல்துணியைவிட உள்ளே தைத்திருக்கும் பாலியஸ்டர் லைனிங்தான். லைனிங் இல்லாமலோ, முதுகின் மேற்பகுதிக்கு மட்டும் லைனிங் வைத்தோ தைத்துத் தரும்படி கேட்டு, தளர்ந்த நெசவுள்ள லினன் அல்லது மெல்லிய கம்பளித் துணியைத் தேர்ந்தெடுத்தால் வேதனை பாதியாகும். கம்பளி என்றதும் அஞ்ச வேண்டாம்; வெப்ப நாடுகளுக்கென்றே மெலிதாக நெய்யப்படும் கம்பளி காற்றை நன்றாக விடும், கசங்கவும் செய்யாது.

கண்ணுக்குத் தெரியாத உடைகளில்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். இறுக்கமான செயற்கை இழை ஜட்டி தொடையிடுக்கில் ஈரத்தைத் தேக்கி, வேர்க்குருவுக்கும் படர்தாமரைக்கும் இடம் கொடுக்கும். பருத்தி உள்ளாடை, வியர்த்தால் மாலையில் ஒருமுறை மாற்றுதல், குளித்தபின் அந்த இடத்தை நன்றாக ஈரம் போகத் துடைத்தல் ஆகியவை மருந்துக்கடைச் செலவைக் குறைக்கும். மூடிய காலணி அணிந்தே ஆக வேண்டும் என்றால் பருத்திக் காலுறையோடு இரண்டு சோடிக் காலணிகளை மாற்றி மாற்றி அணிய வேண்டும். ஒருநாள் முழுவதும் உள்ளே ஊறிய ஈரம் ஓரிரவில் காய்வதில்லை. மறுநாள் அதை வீட்டில் காற்றுப்பட வைத்துவிட்டு இன்னொன்றை அணிந்து செல்லலாம்.